மேனேஜரின் பூர்வீகம்

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், பூர்வீகம் பார்க்கிற வேலை என்பேன். "யாரோட பூர்வீகம்?" என்று ஆவலாகக் கவுண்டரில் சாய்வார்கள். தவளையோடது, மீனோடது, எலியோடது, இன்னும் பேரே வைக்காத பூச்சியோடது என்றதும் முகம் தொங்கிவிடும். அடுத்தவன் குடும்பக் கதை என்றால் கால் கடுக்க நின்று கேட்பவர்களுக்கு, தவளைக் குடும்பம் என்றதும் அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். சட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எனக்குச் சலவைக் கடை. இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு டிரையர், ஆவி விடுகிற இஸ்திரி மேசை, தலைக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும் பிறத்தியார் துணி. பின்பக்கக் கதவைத் திறந்தால் எங்கள் வீடு. வேன் ஓட்டி வீடு வீடாகத் துணி எடுத்து வருகிறவர் என் மச்சான், அவளுடைய அண்ணன். வாய் ஓயாத மனுஷர். ஒரு தெருவில் மூட்டை எடுத்தால் அந்தத் தெருவின் செய்தியையும் சேர்த்து எடுத்து வருவார். நம் வீட்டுச் செய்தியை அங்கே இறக்கி வைத்துவிட்டும் வருவார்.

அவள் முதலில் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து சாயந்திரம் வரை மனுஷ ரத்தம் மட்டுமே பார்த்து அலுத்துப்போய்த்தான் இந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறினாள். சுற்றுவட்டக் காடுகளிலும் ஓடைகளிலும் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வகைக்குள்ளும் எத்தனை வம்சங்கள் பிரிந்து கிடக்கின்றன என்று பார்ப்பது அவர்கள் வேலை. எல்லாத் தவளையும் தவளைதானே, இதில் என்ன வகை வேண்டிக்கிடக்கிறது என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் நேராகக் கடைக்குள் வந்து என் பட்டன் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

"இதுல ஏன் இத்தனை தினுசு வச்சிருக்கீங்க? ஒரே தினுசா வாங்கிப் போட்டா வேலை சுலபம்ல?"

"எந்தச் சட்டையில எந்தப் பட்டன் அறுந்து வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அதேதாங்க. எந்த வருஷம் என்ன நோய் வரும், எப்படி வெயில் காயும்னு தவளைக்கு மட்டும் தெரியுமா? எல்லாம் ஒரே தினுசா இருந்தா, ஒரு நோய் வந்தா மொத்தமும் காலி. பல தினுசு இருந்தாதான் ஏதாவது ஒண்ணு தாக்குப்பிடிக்கும்."

டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தவளைகள் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

வீட்டிலும் அவளுக்கு ஆய்வுக்கூட வழக்கம்தான். பால் பாட்டிலில் திறந்த தேதியை எழுதி ஒட்டுவாள். காய் வெட்டுகிற பலகை ஒன்று, மீன் வெட்டுகிற பலகை ஒன்று. மாற்றி எடுத்தால் வீடு ரணகளம். என் கரண்டியை எடுத்து அவள் குழம்பை ருசி பார்த்ததாக இதுவரை சரித்திரம் இல்லை. ஒன்றில் மட்டும் அவளுடைய சுத்தம் எல்லாம் காற்றில் பறந்துவிடும். அது அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர்.

முதல் சம்பளத்தில் வாங்கியது. கம்பளி நூல், தொளதொளவென்ற கை, மணிக்கட்டில் தடிமனாக மடித்த பட்டி. அதைத் துவைக்க என்னிடம் தரவே மாட்டாள். "உங்க மெஷின்ல போட்டா குழந்தை சட்டை ஆயிடும்" என்பாள். ஊரார் கோட்டு சூட்டையெல்லாம் நம்பி என்னிடம் கொடுக்கிறார்கள், கட்டிய பெண்டாட்டிக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அதை வீட்டு நாற்காலியில் கழற்றிப் போடுவாள். போட்ட மறு நிமிஷம் அதன்மேல் மேனேஜர் ஏறிப் படுத்துவிடும்.

மேனேஜர் எங்கள் பூனை. சாம்பலும் பழுப்புமாகக் கோடு போட்ட உடம்பு, கறுப்பு வளையம் போட்ட தடித்த வால். குட்டியாக இருந்தபோது ஒரு படுக்கை விரிப்பு மூட்டையோடு வந்து சேர்ந்தது. நான் முடிச்சை அவிழ்த்ததும் சீறிக்கொண்டு என் கையைக் கிழித்தது. விரட்டலாம் என்று பார்த்தால் கவுண்டர்மேல் ஏறி உட்கார்ந்து, நாங்கள் வேலை செய்வதை முறைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. தான் ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பதால் மச்சான்தான் அந்தப் பேரை வைத்தார். யார் மடிக்கும் வராது, யார் தடவினாலும் பிடிக்காது. ஸ்வெட்டர் ஒன்றுதான் அதற்கு வேண்டும்.

இப்போது அவள் வேலைக்கு வருகிறேன். ஓடையில் தண்ணீர் குடிக்க வருகிற மிருகம், குளிக்கிற பறவை, உள்ளேயே கிடக்கிற மீன் எல்லாம் எச்சிலோ முடியோ செதிலோ எதையாவது தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து, பாட்டில் மூடி அளவுள்ள ஒரு வெள்ளைத் தாள் வழியாக வடிகட்டுவார்கள். வடிகட்டிய தாளை இரண்டாகக் கத்தரித்து ஒரு பாதியைக் குழாயில் போட்டுக் கரைப்பாள். மறு பாதி ஃப்ரீசருக்குப் போகும். கரைத்ததிலிருந்து மரபணுவைப் பிரித்து மெஷினில் கொடுத்தால், அது எழுத்து எழுத்தாகப் படித்து, இந்த ஓடைக்கு இன்னின்ன உயிர் வந்து போயிருக்கிறது என்று சொல்லிவிடும். அவர்கள் படிக்கிற துண்டு தாயிடமிருந்து மட்டும் வருவதாம். அம்மா, அம்மாவுக்கு அம்மா என்று அந்த வழி மட்டும்தான் அதில் தெரியும். அப்பாவுக்கு அங்கேயும் மரியாதை இல்லையா என்று கேட்டதற்கு முறைத்தாள்.

அந்தக் காட்டில் ஒரு காலத்தில் காட்டுப்பூனை இருந்தது. எங்கள் தலைமுறையில் பார்த்தவர்கள் இல்லை. மரத்தில் கட்டிவைத்த கேமராக்களிலும் விழவில்லை. போய்விட்டது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு பரிசோதனை முடிவு வரும்போதும் முதலில் பூனை வரிசையைத்தான் பார்ப்பாள். அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும், "இன்னிக்கும் இல்லைங்க" என்பாள். என்னவோ அவள் சொந்தக்காரர் ஊருக்கு வராமல் போன மாதிரி எனக்கும் சங்கடமாக இருக்கும்.

இன்னொரு ஆசையும் அவளுக்கு இருந்தது. நிலையத்திலிருந்து வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பேராசிரியர்கள் பேரெல்லாம் தலைப்புக்குக் கீழே வரிசையாக இருக்கும். அவள் பேர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், நன்றி சொல்கிற இடத்தில், குளிர்பதன மெஷின் பழுது பார்த்தவர் பேருக்குப் பக்கத்தில் இருக்கும். அவள் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பக்கத்தைப் புரட்டுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

ஒருநாள் வேலை முடிந்ததும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பின்வாசல் வழியாகப் போகாமல் நேராகக் கடைக்குள் வந்தாள். பேன்ட் வாங்க வந்தவர் நின்றுகொண்டிருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"வந்துடுச்சுங்க! மேல் ஓடைத் தண்ணியில காட்டுப்பூனை. நான் போட்ட குழாய்!"

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர்கள் நிலையத்தின் தலைவி, பெரிய மேடம் என்று இவர்கள் சொல்கிற அம்மா, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம்: இந்தக் கட்டுரையில் உன் பேர் மேலே வரும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் எந்த இடத்தில் மாட்டுவது என்று அப்போதே பார்த்து வைத்துவிட்டேன். பேன்ட்காரருக்கு விஷயம் புரியாவிட்டாலும் வாழ்த்துச் சொன்னார். மச்சானைக் கேட்கவே வேண்டாம். அடுத்த நாள் வேன் போன இடமெல்லாம், காணாமல் போன மிருகத்தைத் தன் தங்கச்சி கண்டுபிடித்த கதை இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம். மச்சான் காட்டுப்பூனையைப் பற்றி விட்டுக்கொண்டிருந்த கதையில் அது ஏறக்குறையப் புலி ஆகிவிட்டிருந்தது. அதை அடக்குவதற்காக நான் சும்மா ஒரு வார்த்தை விட்டேன்.

"ரொம்ப ஆடாதீங்க மச்சான். கடைசியில பாத்தா அது நம்ம மேனேஜரோட முடியா இருக்கப்போகுது."

மச்சான் சிரித்தார். அவளும் சிரித்தாள். "வீட்டுப் பூனைன்னா வீட்டுப் பூனைன்னு மெஷின் சொல்லிடும். இது எழுத்தே வேறங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். அடுத்த வாய் எடுத்த கை அப்படியே நின்றது.

"அண்ணே, மேனேஜர் எந்த மூட்டையில வந்துச்சு?"

"அது எவ்வளவு நாள் ஆச்சு... காட்டோரமா இருக்கே கெஸ்ட் ஹவுஸ், அந்த மூட்டை. ஏன்?"

அவள் எழுந்துவிட்டாள். கைகூடக் கழுவவில்லை. நாற்காலியில் ஸ்வெட்டர்மேல் சுருண்டிருந்த மேனேஜரைத் தூக்கிக் கீழே விட்டாள். அது சீறியது. ஸ்வெட்டரின் கையை விளக்குக்கு நேரே இழுத்துப் பிடித்தாள். பட்டி முழுக்கப் பூனை முடி.

"அன்னிக்கு ஏசி கெட்டுப்போய் ரூமு ஐஸா இருந்துச்சு" என்றாள். "மேல் கோட்டுக்கு உள்ள இதைப் போட்டிருந்தேன். கிளவுஸ் இந்தப் பட்டிமேல ஏறல. கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. அப்படியேதான் தாளை வெட்டினேன்."

"வெறும் தண்ணி வச்சு ஒரு குழாய் போடுவீங்களே, தப்பு இருந்தா காட்டிக் கொடுக்கும்னு சொல்வியே?" என்று கேட்டேன்.

"அது சுத்தமாத்தான் இருந்துச்சு. அதை முதல்லயே போட்டு மூடிட்டேன். முடி விழுந்திருந்தா, அப்புறம் வெட்டினதுல விழுந்திருக்கும்."

"மேனேஜர் வீட்டுப் பூனைதானே?"

"அப்பன் வேணா வீட்டுப் பூனையா இருக்கலாம். அதோட அம்மா, பாட்டி, முப்பாட்டி, யாரோ ஒருத்தி காட்டுலேருந்து வந்திருந்தா? நாங்க அம்மா வழியைத்தானே படிக்கிறோம்."

மச்சான் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். கடைசியில் மச்சான்தான் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு முடி விஷயம். நீயா சொன்னாத்தான் உண்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கோபப்படவில்லை. "மேல் ஓடைக்கு அடுத்த வாரம் கேமரா தூக்கிட்டு ஆளுங்க கிளம்புறாங்க அண்ணே. கூடாரம் போட்டு மாசக்கணக்கா உக்காந்திருப்பாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு என் ஸ்வெட்டரைத் தேடுவாங்க" என்றாள்.

எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் பேர் அச்சில் வர வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகமாக ஆசைப்பட்டேன். அதை என் வாயாலேயே கெடுத்தாயிற்று.

மறுநாள் காலையில் வேனில் நானே கூட்டிப் போனேன். துவைத்த கோட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையில் ஸ்வெட்டரை வைத்து வாயை ஒட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மேடத்தின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. நான் வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, அதனால் எல்லாம் காதில் விழுந்தது. சாத்தியிருந்தால் நானே போய்த் திறந்திருப்பேன்.

அந்த அம்மாவுக்கு வெண்கலத் தொண்டை. இவள் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்.

"மறு பாதித் தாள் ஃப்ரீசர்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அதை நீ தொடாத. வேற ஆளை வச்சு செய்யச் சொல்றேன்."

"சரி மேடம். பூனை முடியும் கொண்டு வந்திருக்கேன்."

"அதையும் அவங்ககிட்டயே குடு."

நியாயமான பேச்சுதான். தப்பு நடந்த இடத்தில் வேறு கைதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் "தொடாத" என்ற வார்த்தையில் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தபோது, உள்ளே போய் அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை கேட்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைக்குப் போங்க, வேலை கிடக்கும்" என்றாள்.

முடிவு வருகிறவரை அவளுக்குப் பாட்டில் கழுவுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் துணி மடிக்கிற மேசையில் எனக்கு உதவியாக வந்து நிற்பாள். மச்சான் சில தெருக்களுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். "பூனை எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்களாம். மேனேஜர் மட்டும் வழக்கம்போலக் கவுண்டரில் உட்கார்ந்து எங்களை முறைத்தது. அவள் ஒருநாள்கூட அதைத் திட்டவில்லை. நான் திட்டினேன், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து.

பிறகு ஒருநாள் சாயந்திரம் வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறு பாதித் தாளில் தவளை இருந்தது, மான் இருந்தது, கீரி இருந்தது, நாலைந்து பறவை இருந்தது. பூனை இல்லை. மேனேஜரின் முடியில் வந்த எழுத்துகள், அன்றைக்குக் குழாயில் வந்ததோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்போயின.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தேன். யார் யாருடைய கோட்டுகளுக்கோ நடுவில் உட்கார்ந்து அழுதாள். நான் இந்தப் பக்கம் ரசீது போட்டுக்கொண்டே, வந்தவர்களைச் சீக்கிரம் சீக்கிரம் அனுப்பினேன். ஒருவர் மீதிச் சில்லறை வாங்காமலே போனார்.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றபோது கடை வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் பெரிய மேடம். வேலையை விட்டு நிறுத்த நேரில் வருவார்களா என்ன? அவர் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. நேராகக் கவுண்டருக்கு வந்து குனிந்தார்.

"இதுதானா?"

மேனேஜர் காதை மடக்கிச் சீறியது. அந்த அம்மா அசரவில்லை. வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வளையங்களை விரல் நீட்டி, தொடாமல், ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார்.

"நாங்க இவ்வளவு வருஷமா காட்டுக்குள்ளயே தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். "ஒரு வீட்டைக்கூடப் பாக்கல. ஒரு பூனையை நிறுத்தி உன் ஆத்தா யாருன்னு கேக்கல." பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "நீ வந்து சொல்லலைன்னா, இல்லாத இடத்துல தேடிக்கிட்டு இருந்திருப்போம். இது வந்த இடம் எது?"

அவள் பதில் சொல்வதற்குள் மச்சான் வேன் சாவியை எடுத்துவிட்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் எங்கள் குடும்பத்தின் பொற்காலம் என்று மச்சான் சொல்லிக்கொள்கிறார். காட்டோரத்து வீடுகள் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டில் எத்தனை படுக்கை விரிப்பு, எந்த வீட்டில் பூனை, எந்த வீட்டில் பூனையே வீட்டுக்காரர் என்பதெல்லாம் தெரியும். துணி எடுக்கிற வேனிலேயே என் மனைவி சீப்பும் காகித உறையுமாகப் போனாள். ஒவ்வொரு பூனைக்கும் புதுச் சீப்பு, புது கிளவுஸ். உடம்பில் ஒட்டிய மாதிரி மெல்லிய பருத்திச் சட்டை, அதுவும் தினமும் என் மெஷினில் துவைத்தது. கையெல்லாம் கீறலோடு வருவாள். நான் மருந்து போட்டுவிடுவேன். இன்றைக்கு யார் கீறியது, எந்த வீட்டுப் பூனை என்ன திமிர் பண்ணியது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முடி கொடுத்த பூனைகளில் சிலவற்றில் அதே தாய்வழி இருந்தது. காட்டுக்குள் ஒன்றுகூட இன்னும் கிடைக்கவில்லை. என்றைக்கோ சில காட்டுப்பூனைகள் இறங்கி வந்து வீட்டு வாசலில் குட்டி போட்டிருக்கின்றன. அந்த வம்சம் அடுப்படியிலும் சோபாவிலும் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அது முழுக் காட்டுப்பூனை ஆகிவிடாது, கலப்புதான் என்று அவள் எனக்கு விளக்கினாள். ஆனால் தொலைந்துவிட்டது என்று நினைத்ததில் ஒரு நூல் அறுபடாமல் இருக்கிறதே, அது போதும் என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நிலையத்தில் புதுச் சட்டம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் போடுகிற கோட்டெல்லாம் வாரா வாரம் வெளுத்தாக வேண்டும். அது எங்கள் கடைக்கே வருகிறது. ஸ்வெட்டரையும் ஒருவழியாக என்னிடம் கொடுத்தாள். எவ்வளவோ பார்த்துப் பதமாகத்தான் போட்டேன். குழந்தை சட்டை ஆகிவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் "நான் சொன்னேனே" என்பது தவிர வேறொன்றும் இல்லை. இப்போது அது முழுக்க முழுக்க மேனேஜருக்கே சொந்தம்.

கட்டுரை அச்சில் வந்து ஒரு வாரம் ஆகிறது. தலைப்புக்குக் கீழே இரண்டாவதாக அவள் பேர். நான் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். அவள் அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியைக் காட்டினாள். ஆராய்ச்சி எப்படித் தொடங்கியது என்று சொல்கிற இடம். கட்டுரையாளர்களில் ஒருவரது ஸ்வெட்டர் கையிலிருந்து விழுந்த முடியால் ஓடை மாதிரியில் கலப்படம் நேர்ந்தது, அதை அவரே கண்டு தெரிவித்தார் என்று இருந்தது. இதையெல்லாம் எழுத வேண்டாம், வேறு விதமாகத் தொடங்கலாம் என்று பெரிய மேடம் சொன்னாராம். இவள்தான் விடவில்லை.

"என் பேர் வர்ற தாள்ல நடந்தது நடந்தபடி இருக்கட்டும்னு சொன்னேங்க" என்றாள்.

கண்ணாடிச் சட்டம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். பேர் இருக்கிற முதல் பக்கத்தை அல்ல, இரண்டாம் பக்கத்தை. வருகிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டு இதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். அந்த வரியைக் காட்டுகிறேன். அதில் "ஒருவர்" என்று இருக்கிறதே, அது என் வீட்டுக்காரி என்கிறேன். அந்த ஸ்வெட்டரை வெளுக்காமல் விட்ட சலவைக்காரர் யார் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அதையும் சொல்லிவிடுவதாகத்தான் இருக்கிறேன்.